பிப்ரவரியில் யாரும் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகள் தரம் கெட்டுப் போய்விட்டன, எல்லாம் வெட்டி ஒட்டும் வேலைதான் என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என் கடைக்குத்தான் தெரியும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தொடங்கியது 1996இல், பழைய ஹால்டா டைப்ரைட்டர் ஒன்றோடு. நான்கு தாள், நடுவில் மூன்று கார்பன் வைத்து ஆய்வேடு அடித்த கை இது. ஒரு எழுத்து தப்பினால் நான்கு தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அன்று என்னை ‘எக்கா’ என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் இன்று ‘ஆன்ட்டி’ என்கிறார்கள். நான் படித்தது அஞ்சல்வழி பி.காம். வரைக்கும்தான். ஆனால் நான் தட்டிய ஆய்வேடுகளை அடுக்கினால் கடை நிலையில் இடிக்கும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு வந்து பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் நாலு பேர், படியில் ஆறு பேர். எல்லார் கையிலும் பென்டிரைவ். ‘நாளைக்குக் காலையில பத்து மணிக்கு சப்மிட் பண்ணணும் ஆன்ட்டி.’ வாங்கித் திறந்தால் முதல் இயல் பாமினி எழுத்துருவில் இருக்கும், இரண்டாம் இயல் யூனிகோடில், மூன்றாம் இயல் வானவில் எழுத்துருவில். நான்காம் இயல் இன்னும் கையெழுத்தில், அதுவும் இரண்டு பேர் கையெழுத்தில். துணைநூற்பட்டியல் எங்கே என்று கேட்டால் போனை நோண்டுவார்கள்.

இந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. ஆய்வேடு எழுதுகிற நாலு மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பந்தி எத்தனை என்று சொல்லாமலே சமையல்காரரைக் கூப்பிட்டு நிறுத்தியது போலத்தான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பிள்ளை, எம்.ஏ. வரலாறு, தமிழ்வழி. 2023 நவம்பரில் என் கடைக்கு வந்தபோது தலைப்பு இப்படி இருந்தது: ‘நெல்லை மாவட்டக் கைவினைத் தொழில்கள் - ஒரு வரலாற்றுப் பார்வை’. அடித்துக் கொடுத்துவிட்டு, ‘ஏட்டி, இதை முடிக்க உனக்கு நாலு மாசம் பத்தாது, நாலு பிறவி வேணும்’ என்றேன். அழுகிற மாதிரி பார்த்தாள். பெரிய தலைப்பு வைத்தால் வேலை எளிது என்று எல்லாருமே நம்பித்தான் வருகிறார்கள், ஏனென்றால் பெரிய தலைப்புக்குச் செய்தி நிறையக் கிடைக்கும். கிடைக்கும்தான். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாமல் போகும்.

அந்தப் பிள்ளை இரண்டு முறை தலைப்பை மாற்றினாள். முதலில் பத்தமடைப் பாய். அப்புறம் பத்தமடையில் பாய் முடைகிற எட்டு வீடு, அதிலும் ஒரே ஒரு கேள்வி. தறியில் உட்கார்வதற்கு முன்னால் கோரையைக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கிழித்து, சாயம் ஏற்றுகிற நாட்களுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? இதுதான் மொத்த ஆய்வேடும். துறையில் சிலர், ‘எட்டு வீடுதானா, இது ஒரு தலைப்பா?’ என்றார்களாம். எனக்குக்கூட முதலில் அப்படித்தான் தோன்றியது. முதுகலை ஆய்வேடு ஒரு சின்ன வேலை, அதைச் சின்னதாகவே செய்யலாம் என்று நான் தெரிந்துகொண்டது அந்தப் பிள்ளையிடம்தான்.

அப்புறம் டிசம்பர் 17, 18. அந்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்துக்குள் வந்துவிட்டது. அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அதுவரை எழுதிய இரண்டு குறிப்பு நோட்டும் ஊறிப் போயின. ஜனவரியில் அவற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. நீல மை இரண்டு பக்கமும் ஓடி ஒன்றுமே படிக்க முடியவில்லை. பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஏழெட்டுப் பக்கம் மட்டும் தப்பியிருந்தது. அதிலிருந்து என் கடைக்கு வருகிற எல்லாரிடமும், அன்றன்றைக்கு எழுதியதை அன்றைக்கே போனில் படம் பிடித்து உனக்கே அனுப்பி வை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெள்ளம் எப்போதோ ஒரு தரம்தான் வரும். பென்டிரைவ் கெட்டுப் போவது வாரத்துக்கு ஒன்று.

களப்பணி என்றால் நாம் போனதும் ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சேரன்மகாதேவி பஸ் பிடித்துப் பத்தமடை போனவள் முதல் இரண்டு நாளும் சும்மாதான் திரும்பி வந்தாள். ஒரு வீட்டில் ஆள் இல்லை, ஒரு வீட்டில் கல்யாணம். ஒரு வீட்டில் ‘நீ எந்த ஆபீஸ்?’ என்று கேட்டார்கள். பாய் முடைகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பேச மாட்டார்கள், கை நின்றால் காசு நிற்கும். மூன்றாம் நாள் இவள் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கோரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் பேச்சு வந்ததாம். மார்ச் 12ஆம் தேதி வாக்கில் ரம்ஜான் நோன்பு தொடங்கிவிடும், அந்த வீடுகளில் பாதி நாள் போகக்கூடாது என்பது பிப்ரவரியில்தான் அவளுக்கு உறைத்தது. காலண்டரைப் பார்க்க எந்தப் பாடத்திட்டமும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பேச்சைப் போனில் பதிவு செய்து வந்து, ‘இதை அப்படியே டைப் பண்ணித் தாங்க ஆன்ட்டி’ என்பார்கள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த எனக்கே ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் குக்கர் விசில், ஆட்டுக்குட்டிச் சத்தம், இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவது. எட்டு வீட்டுக்குப் பத்து மணி நேரப் பதிவு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் தானே எழுதினாள். எழுதும்போதுதான், எந்த வீட்டில் எதைக் கேட்க மறந்தோம் என்று தெரிந்ததாகச் சொன்னாள். அதனால் திரும்ப மூன்று தரம் பத்தமடை.

ஆய்வுக்கு வழிகாட்டுகிற நெறியாளர்கள் பற்றி. அவர்களைக் குறை சொல்வது எளிது, என் கடைப் படியில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், மேலே நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, தேர்வுத்தாள், சேர்க்கை வேலை. அந்த வருஷம் ஏப்ரல் 19 நாடாளுமன்ற வாக்குப்பதிவு, பலருக்குத் தேர்தல் பணியும் சேர்ந்துகொண்டது. ‘சார் படிச்சே பாக்கல’ என்று சொல்கிற பையன் சாருக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டால், மார்ச் கடைசியில் மொத்தமாக எண்பது பக்கம். இந்தப் பிள்ளை செய்தது வேறு. ஒரு தடவைக்கு ஆறேழு பக்கம்தான் கொண்டுபோவாள். மேலே பென்சிலில் இரண்டு கேள்வி எழுதியிருப்பாள். அவளுடைய நெறியாளர் வராந்தாவில் நின்றபடியே அந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போவார். ‘எப்படி இருக்கு சார்?’ என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ‘இந்த ரெண்டாவது பத்தி இங்க வேணுமா சார்?’ என்று கேட்டால் சொல்வார்கள்.

ஆனாலும், ஒரு வரிகூடப் படிக்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளித் தேர்வாளர் முன்னால் அந்தப் பிள்ளையையே திட்டுகிற நெறியாளர்களும் உண்டு. எந்தக் கல்லூரி, யார் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கடை நடக்க வேண்டும்.

இனி, வெட்டி ஒட்டும் விவகாரம். இதில் என் தொழிலும் குற்றவாளிதான். 2006இல் ஒரு ஆய்வேட்டில், பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய திருநெல்வேலி கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூலின் ஆண்டை 1917 என்பதற்குப் பதில் 1971 என்று நான் தப்பாக அடித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு பையன் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதியிலும் 1971. அப்புறம் இன்னொரு துறையில் ஒரு பெண். நேற்றைக்கு முன்தினம்கூட என் 1971 ஒன்றைப் பார்த்தேன். இருபது வருஷமாக மாவட்ட வரலாறு என்ற அந்த முதல் இயல் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றையும் பேட்டின் கெசட்டியரையும் அடிக்குறிப்பில் போடுகிறவர்களில் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று என் ஒரு தப்பே காட்டிக் கொடுக்கிறது. கெசட்டியர் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது, தேட ஐந்து நிமிஷம் ஆகாது.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதி ஆறு மாதத்துக்குள் மீண்டும் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதிகூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறியிட்டு, எடுத்த இடத்தைச் சொன்னது இந்தக் கணக்கில் சேராது. துணைநூற்பட்டியலும் சேராது. அதனால் பயப்படாமல் மேற்கோள் காட்டலாம். காட்டாமல் எடுப்பதுதான் ஆபத்து.

பழைய எழுத்துருவில் அடித்தால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் மாட்டாது என்று ஒரு நம்பிக்கை பிள்ளைகளிடம் ஓடுகிறது. அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் உங்கள் ஆய்வேடு முழுவதும் இப்படித்தான் தெரியும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் ‘பாமினியிலதான் வேணும்’ என்று சொல்லி அனுப்புகிற துறைகள் இருக்கின்றன. முதல் நாளிலிருந்து யூனிகோடில் அடியுங்கள். கடைசி நாளில் எழுத்துரு மாற்றித் தரச் சொன்னால் பக்கத்துக்குப் பத்துப் பிழை வரும், என்னைத் திட்டக்கூடாது.

இப்போது புதிதாக ஒன்று. போன வருஷம் ஒரு பையன் கொடுத்த துணைநூற்பட்டியல் மிக அழகாக இருந்தது. அகர வரிசை, ஆண்டு, பதிப்பு, எல்லாம் கச்சிதம். அதுவே எனக்குச் சந்தேகம். முப்பது வருஷமாக இந்தப் பட்டியல்களைத் தட்டித் தட்டி, நெல்லை பற்றிய புத்தகங்களின் பெயர் எனக்கு மனப்பாடம். இதில் ஐந்து புத்தகம் கேள்விப்பட்டதே இல்லை. ‘தம்பி, மாவட்ட மைய நூலகம் பக்கத்துலதான் இருக்கு, ஒரு எட்டு போய்ப் பாரு’ என்று அனுப்பினேன். சாயங்காலம் முகம் சுருங்கி வந்தான். நூலகத்தில் மட்டுமில்லை, அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் இல்லை. சாட்ஜிபிடி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறான். புத்தகத்தைக் கையில் எடுத்த அன்றே தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இந்த வேலையே இல்லை. பக்க எண்ணையும் அப்போதே எழுத வேண்டும். மார்ச்சில் ஒரு மேற்கோளின் பக்க எண்ணைத் தேடி முழு நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

என் கடையில் மெய்ப்புத் திருத்த வருகிற தமிழாசிரியர் ஒருவர் நன்னூலில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களை அடிக்கடி சொல்வார். அதில் இரண்டு எனக்கு அச்சாகப் பதிந்துவிட்டன. ஒன்று ‘மற்றொன்று விரித்தல்’. நம் பத்தமடைப் பிள்ளையே முதலில் ஊர்ப்பெருமை ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள். சுவாமி சிவானந்தர் 1887இல் அங்கே பிறந்தது வரை. பாய் பத்தாம் பக்கத்தில்தான் வந்தது. இன்னொன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’. முதல் இயல் நாற்பது பக்கம், இரண்டாவது இருபத்தைந்து, மூன்றாவது பதினான்கு, தானே கண்டுபிடித்ததைச் சொல்கிற கடைசி இயல் ஆறு பக்கம். நான் அடிக்கிற ஆய்வேடுகளில் முக்கால்வாசி இந்த வடிவம்தான். நன்னூல் எழுதிய பவணந்தியார் எங்கள் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். அதனால் கடைசி இயலை முதலில் எழுதத் தொடங்கு என்று நான் சொல்வதுண்டு. டைப்பிங் அம்மா சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் பங்குக்கு ஒரு பெரிய தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் நெறியாளர் கடைசி நேரத்தில், எல்லா இடத்திலும் ‘பாய்’ என்று இருப்பதைக் ‘கோரைப்பாய்’ என்று மாற்றச் சொன்னார். இரவு பத்தரை மணி. ரீப்ளேஸ் ஆல் அழுத்தினேன், பிரின்ட் கொடுத்தேன், நாலு பிரதி ரெக்ஸின் பைண்டிங், தங்க எழுத்து, முடிந்தது. மறுநாள் காலையில் கடை வாசலில் வைத்துப் புரட்டிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘தாமிரபரணி கோரைப்பாய்ந்து வளம் சேர்க்கிறது.’ ஏற்கெனவே கோரைப்பாய் என்று சரியாக இருந்த இடமெல்லாம் ‘கோரைப்கோரைப்பாய்’. மாற வேண்டிய ‘பாயின்’, ‘பாயை’ எல்லாம் மாறாமல் அப்படியே இருந்தன. பைண்டிங்கைப் பிரித்து, என் செலவில் திரும்ப அடித்து, மதியம் இரண்டு மணிக்குக் கொடுத்தேன். ஒரு நாள் கையில் இருந்ததால் பிழைத்தோம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின நாளை ஆய்வேட்டுக்கு என்று வைக்காதீர்கள். அது என்னைப் போன்றவர்கள் செய்யும் தப்புகளுக்கான நாள்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் மகளும் அதற்கு அடுத்த வருஷம் ஆய்வேடு எழுதினாள். இத்தனையும் தெரிந்த அம்மா பக்கத்திலேயே இருந்தும், முன்பக்கங்களுக்கு ரோமன் எண், உள்ளே சாதா எண் என்று பிரிக்கத் தெரியாமல் கடைசி நாள் இரவு இரண்டு மணிக்கு அழுதாள். பைண்டிங்குக்கு இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்பதும் தெரியாது. அதைவிடப் பிப்ரவரியில் அவள் பட்ட பாடுதான் எனக்கு மறக்கவில்லை. எழுதியது எல்லாம் குப்பை என்று தோன்றும் ஒரு மூன்று வாரம் எல்லாருக்கும் வரும். சாப்பாடு இறங்காது, தலைப்பையே மாற்றிவிடலாமா என்று இருக்கும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பழைய ஆய்வேடு யாரிடம் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள், சிலர் ‘நீங்களே எழுதித் தருவீங்களா, எவ்வளவு?’ என்று என்னையே கேட்கிறார்கள். இது எல்லாருக்கும் வருகிற காய்ச்சல், மூன்று வாரத்தில் போய்விடும் என்று ஒரு வார்த்தை வகுப்பில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தாண்டிவிடுவார்கள்.

கடிதம் எழுதிய பேராசிரியரிடமும் துறைத் தலைவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நல்ல ஆய்வேடு ஒன்றையும் மோசமான ஆய்வேடு ஒன்றையும் மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். எத்தனை பக்கம், எந்த எழுத்துரு, வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதை ஒரே தாளில் அடித்துக் கொடுங்கள். அந்தத் தாளை நான் காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன். பொங்கல் லீவு முடிந்ததும் முதல் பத்துப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு தேதி வையுங்கள்.

பத்தமடைப் பிள்ளையின் வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்டாராம்: ‘எட்டு வீடு போதுமாம்மா?’ அவள் சொன்னாளாம்: ‘போதாது சார். நான் எட்டு வீட்டைப் பத்தித்தான் சொல்றேன், பத்தமடையைப் பத்திச் சொல்லல.’ இரண்டே கேள்விதான், வெளியே வந்துவிட்டாள். நாலு பிரதிக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொண்டு போனாள், கோரை எடுத்துக் கொடுத்த வீட்டுக்கு.

ஏப்ரலில் கடை இரவு பன்னிரண்டு வரைக்கும் திறந்திருக்கும், நிற்க இடம் இருக்காது. பிப்ரவரி மாதம் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பாளையங்கோட்டை.